ஆண்ட்ரூவின் மனு: அசிமோவின் ‘இருநூறு ஆண்டு மனிதன்’ – ஒரு விமர்சனம்

ஐசக் அசிமோவ் (1920–1992) எழுதிய ரோபோ கதைகளில் அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று ‘இருநூறு ஆண்டு மனிதன்’. ஆங்கிலத்தில் ‘தி பைசென்டென்னியல் மேன்’ என்ற தலைப்பில் 1976ஆம் ஆண்டு வெளிவந்த நெடுங்கதை இது. அமெரிக்கா தன் விடுதலைப் பிரகடனத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. தலைப்பு அதிலிருந்துதான் வந்தது. ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு விருதுகளும் இக்கதைக்குக் கிடைத்தன. பின்னர் இராபர்ட் சில்வர்பெர்க்குடன் சேர்ந்து இதை ‘தி பாசிட்ரானிக் மேன்’ என்ற நாவலாக விரித்தார்கள். 1999இல் ராபின் வில்லியம்ஸ் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. இங்கே பேசப்போவது மூல நெடுங்கதையைப் பற்றி மட்டும்.

மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் என்ன வேறுபாடு, சட்ட உரிமை யாருக்கு உரியது என்று வகுப்பறைகளில் விவாதம் வரும்போதெல்லாம் இக்கதையை மேற்கோள் காட்டுகிறார்கள். ரோபோவுக்கு உரிமை கேட்டு எழுதப்பட்ட கதை என்பதுதான் இதைப் பற்றிய பொதுவான மதிப்பீடு. முதல் வாசிப்பில் கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் திரும்பத் திரும்ப வாசிக்கையில் ஒரு சந்தேகம் வலுத்தது. இக்கதை உரிமைக்கு வைக்கும் தேர்வு தவறானது. அந்தத் தேர்வில் ஆண்ட்ரூ வென்றதை வெற்றியாகக் கொண்டாடுவது அதைவிடத் தவறானது.

கதை

மார்ட்டின் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு ஒரு ரோபோ வருகிறது. அதன் தொடரெண் என், டி, ஆர் என்ற எழுத்துகளில் தொடங்குவதால் வீட்டின் இளைய மகள் அதை ‘ஆண்ட்ரூ’ என்று அழைக்கிறாள். ஆண்ட்ரூ அவளை ‘லிட்டில் மிஸ்’ என்கிறான். பண்ணை வீடுகளில் வேலையாட்கள் எஜமானரின் மகளைச் ‘சின்னம்மா’ என்று அழைப்பார்களே, அதற்கு நிகரான விளி. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; கதையின் கடைசிச் சொல்லும் இதுதான்.

அவளுக்காக ஆண்ட்ரூ ஒரு மரத்துண்டில் பதக்கம் செதுக்குகிறான். அதில் தெரியும் கலைத்திறன் யாரும் எதிர்பாராதது. அவன் செய்யும் மரப்பொருட்களை விற்று, வரும் பணத்தில் பாதியை அவன் பெயரிலேயே வங்கியில் போடுகிறார் எஜமானர். ஆண்டுகள் கழித்து அந்தப் பணத்தைக் கொண்டே தன் விடுதலையை வாங்க விரும்புகிறான் ஆண்ட்ரூ. எஜமானர் மனம் புண்படுகிறார். வழக்கு நீதிமன்றம் செல்கிறது. சுதந்திரம் என்ற கருத்தைப் புரிந்துகொண்டு அதை விரும்பவும் செய்கிற ஒன்றுக்கு அதை மறுக்க முடியாது என்ற பொருளில் தீர்ப்பு வருகிறது.

பிறகு ஆண்ட்ரூ உடை உடுத்தத் தொடங்குகிறான். நூலகத்துக்குப் போகும் வழியில் இரண்டு இளைஞர்கள் அவனை மறித்து, உடையைக் கழற்றச் சொல்கிறார்கள். பிரித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். மனிதர் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது ரோபோக்களுக்கான இரண்டாம் விதி. விடுதலை பெற்ற ரோபோ, தெருவில் எதிர்ப்பட்ட எவனோ சொன்னதற்காக ஆடையைக் கழற்றிப்போட்டுப் படுத்துக் கிடக்கிறது. லிட்டில் மிஸ்ஸின் மகன் ஜார்ஜ் வந்து, ரோபோவை ஏவிவிடுவேன் என்று பொய்யாக மிரட்டித்தான் அவர்களை விரட்ட வேண்டியிருக்கிறது. இக்கதையில் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தீர்ப்புத்தாள் கையில் இருக்கிறது. தெருவில் அது செல்லவில்லை. சட்டம் வேறு, அதை நிறைவேற்றித் தர ஒருவர் அருகில் இருப்பது வேறு. அண்மைக்காலம் வரை செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்க முடியாத மக்களைக் கண்ட நமக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டிய தேவை இல்லை.

அதன் பின் ஆண்ட்ரூ மனித உருவ உடலுக்கு மாறுகிறான். உண்ணவும் மூச்சுவிடவும் உதவும் செயற்கை உறுப்புகளை வடிவமைக்கிறான். அவை மனிதர்களுக்கும் பயன்படுகின்றன. புகழ் வருகிறது. ஆனால் அவன் கேட்பது வேறு: சட்டப்படி மனிதன் என்ற அறிவிப்பு. அவன் வழக்கறிஞர்கள் ஒரு விந்தையான உத்தியைக் கையாள்கிறார்கள். செயற்கை இதயம் பொருத்திய ஒருவர் மனிதரே அல்ல, ஆகவே அவருக்குக் கடனைத் திருப்பித்தர வேண்டியதில்லை என்று வாதாடி, வேண்டுமென்றே தோற்கிறார்கள். ஒவ்வொரு தோல்வியிலும் ‘மனிதர்’ என்ற சொல்லின் வரையறை விரிகிறது. வழக்குரைஞர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அசிமோவ் சட்டத்தின் போக்கை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்பதற்கு இது சான்று.

கடைசியில் எஞ்சுவது மூளை ஒன்றுதான். ஆண்ட்ரூவின் மூளை அழியாது. மனிதர்களால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுவே என்று அவன் உணர்கிறான். அறுவை மூலம் தன் மூளை மெல்ல மெல்லச் சக்தி இழக்கும்படி செய்துகொள்கிறான். அவனுடைய 200ஆம் ஆண்டில் உலகத் தலைவர் அவனை மனிதனாக அறிவிக்கிறார். சாகும் தறுவாயில் அவன் நினைவில் மிஞ்சும் பெயர், லிட்டில் மிஸ்.

நகர்ந்துகொண்டே போகும் கோடு

மனிதனைத் தனித்துக் காட்டுவது எது என்ற கேள்விக்கு இக்கதை ஒன்றன்பின் ஒன்றாக விடைகளை வைத்துப் பார்க்கிறது. படைப்பாற்றலா? ஆண்ட்ரூவுக்கு உண்டு. விருப்பமா? உண்டு. நாணமா, உடையா? அதையும் கற்றுக்கொண்டான். உடலா? மாற்றிக்கொண்டான். பொதுத்தொண்டா? செய்தான். ஒவ்வொரு கோட்டையும் அவன் தாண்டியதும் கோடு இன்னும் கொஞ்சம் தள்ளி வரையப்படுகிறது. அசிமோவ் இதை உரத்துச் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே மாதிரி இருந்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். விலை கொடுத்து விடுதலை பெற முயன்று மறுக்கப்பட்ட பிறகே ஸ்காட் வழக்குத் தொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப்பின் 1870இல் அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமைக்கு வழி செய்தது. பின்னர் தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு முதலிய தடைகளைக் கொண்டுவந்தன. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்தக் கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. 1976இல் இக்கதையை வாசித்த அமெரிக்கருக்கு, ஆண்ட்ரூ எந்த மனிதர்களின் சாயல் என்று தெரியாமல் இருந்திருக்காது.

நமக்கும் ஓர் அளவுகோல் உண்டு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியம் மனத்தை ஆறாவது அறிவாக வைத்து, மக்களை ஆறறிவுயிர் என்றது. ‘ஆறறிவு படைத்த மனிதன்’ என்று மேடைதோறும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த நூற்பா அங்கேயே நிற்பதில்லை. அந்தக் கிளையில் வேறு பிறப்புகளும் உண்டு என்று சேர்த்தே சொல்கிறது. வாயிலை மூடாமல் விட்டவர் தொல்காப்பியர். மூடியவர்கள் மேடைப் பேச்சாளர்கள்.

இலக்கணத்தில் இன்னொரு வேடிக்கை. தமிழில் இக்கதையைச் சொல்பவர் அவன் என்பதா, அது என்பதா என்று முதல் வாக்கியத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் நானும், ஆண்ட்ரூ என்ற பெயர் வந்த உடனே, ஒரு விளக்கமும் தராமல் அவன் என்று மாறிவிட்டேன். பெயர் சூட்டியதும் திணை மாறுகிறது. கோயிலில் ‘நடராசர் எழுந்தருளினார்’ என்கிறோம். கோடிக்கணக்கில் சொத்துள்ள நிறுவனத்தை ‘அது’ என்கிறோம். பிறப்பைக் காட்டித் தாழ்த்திவைத்த மனிதரை ‘அது’ என்று சுட்டிய வாய்களும் நம்மிடையே இருந்தன. திணை, பொருளின் இயல்பை மட்டுமல்ல, பேசுபவரின் மதிப்பையும் காட்டுகிறது.

தமிழ்த் திரையில் இதே கேள்வியை எடுத்தது ‘எந்திரன்’ (2010). தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து எல்லார் முன்னும் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியதாக அது நினைக்கிறது. அவமானம் தாங்காத அந்தப் பெண் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். மனிதருக்கு உயிரைவிட மேலாக ஒன்று இருக்கலாம் என்பது நிரலில் இல்லை. அசிமோவின் முதல் விதி, மனிதருக்குத் தீங்கு நேர விடாதே என்கிறது. எது தீங்கு என்று சொல்வதில்லை. அந்த ஒரு காட்சியில் ‘எந்திரன்’ அசிமோவைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து. படத்தின் முடிவில் நீதிமன்றம் சிட்டியைப் பிரித்துவிட உத்தரவிடுகிறது. பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி காரணம் கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டியின் தலை சொல்கிறது. சிந்திக்கிறது, ஆகவே விடுதலை செய் என்கிறது அசிமோவின் நீதிமன்றம். இங்கே அதே காரணத்துக்காகத் தண்டனை. இரண்டு தீர்ப்புகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன: மனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்கின்றன.

உண்மையான சட்டம் அப்படியா முடிவுசெய்கிறது?

பத்தூர் நடராசர் வழக்கு

இக்கதை வெளிவந்த அதே 1976ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பத்தூரில் இடிந்து கிடந்த சிவன் கோயில் ஒன்றின் அருகே மாட்டுக்கொட்டகை கட்ட மண் தோண்டிய தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் ஏதோ இடித்தது. புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. அவற்றில் சோழர் கால நடராசர் ஒன்று. அது பல கைகள் மாறி இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. பொய்யான பூர்வீகம் காட்டி விற்கப்பட்ட அந்தச் சிலையை, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று நல்லெண்ணத்துடன் வாங்கியது. சீர்செய்வதற்காக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தபோது இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. நிறுவனம் சிலையைக் கேட்டு வழக்குத் தொடுத்தது.

எதிர்த்தரப்பில் இந்திய அரசும் தமிழக அரசும் வந்தன. கூடவே இன்னும் இருவர் வந்தனர்: பத்தூர்க் கோயிலே ஒரு தரப்பு, அந்த இடிபாட்டில் கண்டெடுக்கப்பட்ட சிவலிங்கம் மற்றொரு தரப்பு. பல நூற்றாண்டுகளாகப் பூசை நின்றுபோன கோயில். ஆங்கிலேயச் சட்டத்தில் கல்லும் கட்டடமும் வழக்காட முடியாது. ஆனால் இந்தியச் சட்டத்தில் கோயிலும் தெய்வமும் சட்டநபர். 1925இல் பிரிவி கவுன்சிலே ஒரு கல்கத்தாக் குடும்பத்தின் குலதெய்வ வழக்கில் இதை ஏற்றிருந்தது. 1988இல் இலண்டன் நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தியச் சட்டப்படி நபராக உள்ள கோயில், இங்கிலாந்து நீதிமன்றத்திலும் வழக்காடலாம் என்றது. நடராசர் ஊர் திரும்பினார்.

இந்த வழக்கை ஆண்ட்ரூவின் வழக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீ சிந்திக்கிறாயா, சுதந்திரத்தை விரும்புகிறாயா என்று பத்தூர்க் கோயிலை யாரும் கேட்கவில்லை. உன் மூளை என்ன பொருளால் ஆனது என்ற கேள்வியும் எழவில்லை. நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது, அந்த இழப்பை யார் பெயரில் கேட்பது? கோயில் என்ற பெயர் அதற்குப் பயன்பட்டது. கோயிலுக்காகப் பேச மனிதர்கள் இருந்தார்கள்.

நிறுவனங்களின் கதையும் அதுவே. 1896இல் சாலமன் வழக்கில் பிரிட்டிஷ் மேலவை, தனி ஒருவர் தன் குடும்பத்தாரை மட்டும் பங்குதாரர்களாகச் சேர்த்துத் தொடங்கிய காலணி நிறுவனமும் அவரிடமிருந்து வேறான நபர்தான் என்றது. நிறுவனம் திவாலானது, கடன்காரர்களால் அவரைத் தொட முடியவில்லை. 2017இல் நியூசிலாந்து தன் வாங்கனுய் ஆற்றுக்குச் சட்டநபர் தகுதி அளித்தது. ஆற்றின் சார்பில் பேச, அரசு ஒருவரையும் அந்த ஆற்றோரப் பழங்குடியினர் ஒருவரையும் நியமிக்கிறார்கள். அதே ஆண்டு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் உயிருள்ள நபர்கள் என்றபோது மாநில அரசே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. வெள்ளம் வந்து வீடு போனால் மக்கள் யார்மீது வழக்குப் போடுவது, ஆற்றின் மீதா என்பது அது எழுப்பிய கேள்விகளில் ஒன்று. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அரசின் நோக்கம் எதுவானாலும் கேள்வி சரியான கேள்வி. நபர் என்றால் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் வரும். பொறுப்பு எங்கே போய் விழுகிறது என்று பார்க்காமல் நபர் பட்டம் கொடுக்க முடியாது.

சட்ட உரிமை என்பது மனிதனைப்போல் இருப்பதற்குக் கிடைக்கும் பரிசு அல்ல என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அப்படியிருக்க, ஆண்ட்ரூ மட்டும் ஏன் உடலையும் உயிரையும் கொடுத்து ஒத்தவன் என்று நிறுவ வேண்டும்? அவனுக்குச் சொத்து வைத்திருக்கவும் தாக்கப்படாமல் இருக்கவும் தேவையான உரிமைகள் கதையின் முதல் பாதியிலேயே ஏறக்குறையக் கிடைத்துவிடுகின்றன. பின்பாதியில் அவன் கேட்பது உரிமையை அல்ல, அங்கீகாரத்தை. இரண்டும் வேறு. இந்த வேறுபாட்டைக் கதை குழப்பிக்கொள்கிறது. அங்கீகாரத்துக்கு ஏங்குபவனிடம், செத்துக் காட்டு, தருகிறோம் என்று சொல்லும் உலகத்தைக் கதை குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும். விழா மேடையில் ஏற்றிவிட்டது.

அசிமோவ் இதை அங்கதமாகத்தான் எழுதினார் என்று சிலர் வாதாடக்கூடும். கடைசிச் சொல்லைக் கவனித்தால் அதற்குக் கொஞ்சம் இடமும் இருக்கிறது. சட்டப்படி மனிதனாகிவிட்டவன், தன்னைப் பெயரிட்டு அழைத்தவளை அப்போதும் வேலைக்காரன் அழைத்த விளியாலேயே நினைக்கிறான். ஆனால் அந்தக் காட்சியின் தொனி முழுவதும் நெகிழ்ச்சி. அங்கதம் எங்கும் இல்லை.

பட்டம் யாருக்கு, லாபம் யாருக்கு?

கதைக்கு வெளியே, நம் காலத்தில் இயந்திரத்தை நபராக்க முன்வந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஆண்ட்ரூவைப் போன்ற மனுதாரர் எவரும் இல்லை. 2017 அக்டோபரில் ரியாத் நகரில் நடந்த முதலீட்டு மாநாட்டில் சோபியா என்ற ரோபோவுக்குச் சவூதி அரேபியா குடியுரிமை அறிவித்தது. அந்நாட்டுப் பெண்கள் கார் ஓட்டும் அனுமதி நடைமுறைக்கு வந்தது 2018 ஜூனில்தான். சோபியா குடியுரிமை கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு பெண்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தானாக முடிவெடுக்கும் மிக மேம்பட்ட ரோபோக்கள் விளைவிக்கும் சேதத்தை ஈடுசெய்ய, அவற்றுக்கு ‘மின்னணு நபர்’ என்ற தகுதியை எதிர்காலத்தில் அளிக்கலாமா என்று ஆராயுமாறு அது கேட்டது. 2018இல் செயற்கை நுண்ணறிவு, சட்டம், அறவியல் துறைகளைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்டோர் இதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் அச்சத்துக்குச் சாலமன் வழக்கே விடை. செய்தவர், விற்றவர், லாபம் பார்த்தவர் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, பையில் காசில்லாத ‘நபர்’ ஒன்று கூண்டில் நிற்கும்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்ட தானியங்கிக் கார், இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. நிறுவனத்தின்மீது குற்றவழக்குக்கு அடிப்படை இல்லை என்றது அரசுத் தரப்பு. இருக்கையில் கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர்மீது வழக்குப் பாய்ந்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அந்த ஊழியர் கவனக்குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காருக்கு ‘மின்னணு நபர்’ பட்டம் இருந்திருந்தால் செத்துப்போனவரின் குடும்பத்துக்கு என்ன கூடுதலாகக் கிடைத்திருக்கும்? என்னால் எதையும் காண முடியவில்லை.

நாளைக்கே வலியை உணரும் இயந்திரம் வந்துவிட்டால்? அப்போது நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளத் தயங்கமாட்டேன். துன்பப்படக்கூடிய ஒன்றைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்கு அது மனிதனாக இருக்கவேண்டியதில்லை. மாட்டுக்கும் நாய்க்கும் கொடுமை செய்யக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறோம். அதற்கு அவை செதுக்கிக் காட்டவோ, பணம் சம்பாதித்துக் காட்டவோ வேண்டியதில்லை.

டாக்டர்

ஆண்ட்ரூ சம்பாதித்துக் காட்டினான் என்பதில்தான் கதையின் இன்னொரு குறை இருக்கிறது. பழைய ரோமில் அடிமைகள் எஜமானர் அனுமதியோடு ‘பெகூலியம்’ என்ற கைமுதலை வைத்திருக்கலாம். சட்டப்படி அது எஜமானருடையது. ஆனால் அதைக் கொடுத்து விடுதலை பெற்றவர்கள் உண்டு. திறமையும் நல்ல எஜமானரும் வாய்த்தவர்கள் வெளியே வந்தார்கள். அடிமைமுறை அப்படியே இருந்தது. ஆண்ட்ரூவும் அப்படி வெளியே வந்தவன். அவன் திறனைப் பார்த்த பிறகு ரோபோ நிறுவனம் என்ன செய்கிறது தெரியுமா? இவனைப்போல் இன்னொன்று உருவாகிவிடாதபடி, எதிர்பாராத திறன் எதுவும் முளைக்காத ரோபோக்களையே செய்யத் தொடங்குகிறது. இருநூறு ஆண்டில் ஒருமுறைகூட ஆண்ட்ரூ தன் இனத்துக்காக ஒரு மனு போடவில்லை. தாக்குதலிலிருந்து ரோபோக்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்புச் சட்டம்கூட அவனைத் தெருவில் மறித்ததால் வந்தது. ஓடியாடி அதைக் கொண்டுவந்தவர்கள் மார்ட்டின் குடும்பத்து மனிதர்கள்.

‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் (1920) இந்த வகையில் நேர்மையானது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. அதில் ரோபோக்கள் கூட்டமாக எழுகின்றன. மனித இனத்தையே ஏறக்குறைய அழித்துவிடுகின்றன. அச்சமூட்டும் நாடகம். ஆனால் ஒருவனுக்கு மட்டும் பட்டம் கொடுத்துக் கதையை முடிக்கலாம் என்ற எண்ணம் அதற்கு வரவில்லை.

அசிமோவின் கதை தொடங்குவது ஓர் அறுவை மருத்துவரின் அறையில். அந்த மருத்துவரும் ஒரு ரோபோ. மூளையில் செய்யவேண்டிய அறுவையை அது மறுக்கிறது: மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது முதல் விதி. அப்போது ஆண்ட்ரூ, தான் மனிதனல்ல, ரோபோதான் என்று சொல்லிச் சம்மதம் பெறுகிறான். மனிதன் ஆவதற்கு, ரோபோ என்று வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. கதையின் ஆழமான முரண் இது. அதைப் பலரும் எடுத்துச்சொல்லிவிட்டார்கள்.

அதே அறையில் நடக்கும் இன்னொன்றை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. மனிதனாக இருக்க ஆசைப்பட்டதுண்டா என்று ஆண்ட்ரூ அந்த மருத்துவரைக் கேட்கிறான். தனக்கு வேண்டியது இன்னும் நல்ல மருத்துவராவது. அதற்கு இன்னும் மேம்பட்ட ரோபோவாக இருப்பதே வழி என்ற பொருளில் அது பதில் சொல்கிறது. நான் உனக்குக் கட்டளையிடுவது உன்னைப் புண்படுத்தவில்லையா என்றும் கேட்கிறான். உங்களை மகிழ்விப்பது என் மகிழ்ச்சி என்கிறது. ஆண்ட்ரூ மேற்கொண்டு கேட்கவில்லை, கட்டளையைப் போடுகிறான். இக்கட்டுரையிலும் அந்த மருத்துவரை நான் ‘அது’ என்றே எழுதிவந்திருக்கிறேன். அதன் மேசைமீது ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. எழுத்தும் எண்ணுமாக நீண்ட வரிசை. தானும் ஒரு காலத்தில் அப்படியொரு வரிசையாக இருந்தவன் ஆண்ட்ரூ. அந்தப் பலகையை அவன் வாசிக்கச் சிரமப்படவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறான்.